மிச்சம் தொண்ணூற்றொன்பது எங்கே?

சென்ற கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆழ்வார்குறிச்சியில் ஒரு நண்பரின் வீட்டுக் கூடத்தில் கூடினோம். கடனா நதியில் தண்ணீர் நிறையப் போய்க்கொண்டிருந்த நாட்கள். சிவசைலம் பக்கம் மலைமேல் மேகம் இறங்கிக் கிடந்தது. இருபத்தைந்து பேருக்கு மேல் இல்லை. அம்பாசமுத்திரத்திலிருந்தும் தென்காசியிலிருந்தும் ரயிலேறி வந்தவர்கள் பாதிப்பேர். சிற்றிதழ் படிக்கிறவர்கள் கூடுகிற கூட்டம் எப்படியிருக்குமோ அப்படியே இருந்தது. பேச வந்தவர் நல்ல கவிஞர். அவர் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் சண்டை அவரோடு என்றாகிவிடும். எங்கள் சண்டை எங்களோடும்தான்.

நவீன இயற்பியலும் நம் மரபும் என்பது பேச்சு. புரோட்டானுக்குள் மூன்று குவார்க்குகள் இருக்கின்றன, அவற்றைப் பிரித்தெடுக்க முடியாது, ஆகவே ஒன்றில் மூன்று, மூன்றில் ஒன்று, அதுவே மும்மூர்த்தி தத்துவம் என்று தொடங்கினார். ஜெனீவாவுக்கருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் நடராஜர் நிற்பதைச் சொன்னார். தாண்டவமே துகள்களின் நடனம் என்றார். ஒரு மணி நேரம் நன்றாகவே பேசினார். முடிந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார். முதுகலை இயற்பியல் படிப்பவர். "சார், அந்த மூணு குவார்க்கோட நிறையையும் கூட்டினா ஒன்பது எம்இவிதான் வருது. புரோட்டான் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டு. மிச்சம் எங்க சார் இருக்கு?"

கவிஞர் ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. "மிச்சம்தான் பிரம்மம்."

கைதட்டல். அந்தப் பெண் விடாமல், "இல்ல சார், அதக் கணக்குப் போட்டு..." என்று தொடங்கினார். தலைமை வகித்தவர் கையமர்த்தினார். "இது கணக்கு வகுப்பு இல்லம்மா."

கூடம் சிரித்தது. நாங்களும் சிரித்தோம். பிறகு சுக்குக் காப்பி வந்தது.

வீடு திரும்பிய பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. அன்றைய கூட்டத்தில் எழுந்த ஒரே அசலான கேள்வி அதுதான். அக்கேள்விக்கு விடை உண்டு. கணக்குப் போட்டே கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த விடையின் ஒரு பகுதி, நாம் புத்தகச் சந்தைக்குப் போகும்போதெல்லாம் கடந்துபோகிற சென்னைத் தரமணியில் போடப்பட்டது. அதைப் பற்றித் தமிழ் இலக்கிய இதழ்களில் நாங்கள் படித்த நினைவு இல்லை. நடராஜரைப் பற்றி எத்தனை முறை படித்தோம் என்பதற்குக் கணக்கில்லை.

ஆண்டைக் கவனிக்கவேண்டும். செர்னில் அந்த இரண்டு மீட்டர் உயர நடராஜர் சிலை, இந்திய அரசின் அன்பளிப்பாக, 2004 ஜூன் 18 அன்று திறக்கப்பட்டது. அதே 2004-இல் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் என். டி. ஹரிதாஸ் தலைமையிலான குழு 'கப்ரூ' என்றொரு கணினித் தொகுதியைக் கட்டி முடித்தது. கப்ரூ என்பது ஓர் இமயச் சிகரத்தின் பெயர். சந்தையில் கிடைக்கும் ஜியான் செயலிகள் இரண்டிரண்டாகப் பொருத்திய 144 பெட்டிகளை ஒன்றோடொன்று பின்னிச் செய்தது. உலகின் முதல் 500 கணினிகளின் பட்டியலில் அது இடம்பெற்றது. (இன்று விளையாட்டுப் பிரியர்கள் வாங்கும் ஒரு வரைகலை அட்டை அதை மிஞ்சிவிடும் என்பது வேறு விஷயம்.) கப்ரூ முதன்மையாக எதற்காகக் கட்டப்பட்டது? குவார்க்குகளுக்கிடையே உள்ள விசையைக் கணக்கிட. நம் கவிஞர் 'பிரித்தெடுக்க முடியாது' என்று ஒரு வாக்கியத்தில் சொல்லிப் போனாரே, அதை எண்ணால் சொல்ல.

ஹரிதாஸும் புஷன் மஜும்தாரும் செய்த வேலை இது: அசையாத, எல்லையற்ற கனமுள்ள ஒரு குவார்க்கையும் அதன் எதிர்க்குவார்க்கையும் ஓர் இடைவெளியில் நிறுத்து, இடைவெளியைக் கூட்டக் கூட்ட ஆற்றல் எப்படி ஏறுகிறது என்று பார். மின்விசை போலத் தூரம் கூடக்கூடத் தேய்ந்துபோகும் விசை அல்ல இது. ஏறத்தாழ ஒரே அளவில் நிற்கிறது. பதினாறு டன் பாரத்தைக் கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பான விசை, ஒரு புரோட்டானின் அகலத்துக்குள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கயிறு முறுக்கேறி அதிர்வது போன்ற நடத்தை அது. அந்த அதிர்வு ஆற்றலில் எவ்வளவு சிறு திருத்தத்தை உண்டாக்கவேண்டும் என்று மார்ட்டின் லூஷர் முன்பே சொல்லியிருந்தார். பையைப் பன்னிரண்டால் வகுத்துவரும் ஓர் எண். அந்த எண் வருகிறதா என்று பார்ப்பதற்கே அத்தனை பெட்டிகளும், அத்தனை குளிர்சாதனமும், ஆண்டுக்கணக்கான உழைப்பும். இதில் நடனம் உண்டா என்றால், அந்த எண் வந்து விழுந்த நாளன்று யாராவது ஆடியிருக்கலாம்.

எதைச் சொன்னாலும் 'கம்ப்யூட்டர் பொம்மை விளையாட்டுத்தானே' என்று ஒதுக்கும் நண்பர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. ஆகையால் இந்தக் கணக்கு என்னவென்று கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறோம். பொறுமையில்லாதவர்கள் இரண்டு பத்தி தாண்டிப் போகலாம். ஆனால் அப்புறம் பிரம்மத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

குவார்க்குகளைக் கட்டும் விசையின் சமன்பாட்டை ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம். குவாண்டம் நிறவியக்கவியல் என்பது அதன் பெயர். தாளில் தீர்ப்பதுதான் கூடாத காரியம். 1974-இல் கென்னத் வில்சன் ஒரு வழி சொன்னார். தொடர்ச்சியான வெளியையும் காலத்தையும் விட்டுவிட்டுப் புள்ளிகள் வைத்துக்கொள்ளுங்கள். குவார்க்கு புள்ளியில் உட்காரட்டும், விசையைச் சுமக்கும் குளுவான் புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டில் இருக்கட்டும். ஆங்கிலத்தில் லாட்டிஸ், நம் பாடநூல்களில் அணிக்கோவை என்ற சொல் உண்டு. வாசலில் புள்ளி வைத்துக் கோடு சேர்க்கிற கோலத்தை நினைத்துக்கொண்டால் போதும், ஆனால் நான்கு திசையில். (கோலம் என்றதும், நம் பாட்டிகள் அன்றே லாட்டிஸ் கண்டார்கள் என்று யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம். கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறோம்.)

இப்போது எண்ணுவோம். ஆய்வாளர்கள் வழக்கமாகப் பயன்படுத்தும் ஒரு அணிக்கோவை, வெளியில் பக்கத்துக்கு 48 புள்ளி, காலத்தில் 144 புள்ளி. பெருக்கினால் ஒரு கோடியே ஐம்பத்தொன்பது லட்சம் புள்ளிகள் வரும். ஒவ்வொரு புள்ளிக்கும் நான்கு கோடுகள், ஒவ்வொரு கோட்டுக்கும் எட்டு எண்கள். ஆக ஐம்பது கோடிக்கு மேற்பட்ட எண்கள். அவை ஒவ்வொன்றும் எடுக்கக்கூடிய எல்லா மதிப்புகளையும் கூட்டிப் பார்ப்பது பிரபஞ்சத்தின் ஆயுளுக்குள் முடியாது. எனவே மாதிரி எடுக்கிறார்கள். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வழக்கு. இவர்கள் சில நூறு சோறு, சில ஆயிரம் சோறு எடுத்து நசுக்குகிறார்கள், பிறகு 'பானை வெந்திருக்கிறது' என்று மட்டும் சொல்லாமல், என் தீர்ப்பில் இத்தனை அளவு பிழை இருக்கலாம் என்றும் எழுதிவைக்கிறார்கள். அந்தக் கடைசிப் பகுதியைத்தான் நம் சூழல் எப்போதும் விட்டுவிடுகிறது. ஒரு துகளை ஒரு கணத்தில் உண்டாக்கி, சில புள்ளிகள் தள்ளி அழித்துப் பார்த்தால், சமிக்ஞை மணியோசை போலத் தேய்ந்துகொண்டே வரும். எவ்வளவு வேகமாகத் தேய்கிறது என்பதே நிறை. கனத்த துகள் சீக்கிரம் தேயும்.

ஆழ்வார்குறிச்சிப் பெண்ணின் கேள்விக்கு வருவோம். நிறையின் அலகை மெகா எலக்ட்ரான்வோல்ட் என்பார்கள். கல்லூரியில் சுருக்கமாக எம்இவி. இக்கட்டுரையில் வெறுமனே அலகு என்கிறோம். மேல், கீழ் என்று பெயருள்ள இலேசான குவார்க்குகள் மூன்றும் சேர்ந்து 9 அலகுதான், புரோட்டான் 938. நூற்றில் ஒரு பங்குதான் குவார்க்குகளின் சொந்த நிறை. மிச்சம் தொண்ணூற்றொன்பது, அடைபட்ட அந்தக் குவார்க்குகளின் ஓட்டத்திலும் குளுவான் புலத்திலும் உள்ள ஆற்றல். ஐன்ஸ்டைனின் சமன்பாடு அதை நிறையாக்குகிறது. 2008-இல் ஸ்டீபன் டூரும் சகாக்களும் அணிக்கோவைக் கணக்கில் புரோட்டான் முதலான இலேசான துகள்களின் நிறைகளைச் சில சதவீதப் பிழைக்குள் வருவித்துக் காட்டினார்கள். அதுதான் விடை. பிரம்மம் என்ற சொல் எங்கும் தேவைப்படவில்லை.

உடனே ஒரு கெட்டிக்கார நண்பர் கேட்கக்கூடும். புரோட்டானின் நிறை எல்லோருக்கும் தெரிந்ததுதானே, தெரிந்த விடைக்குக் கணக்கைத் தட்டி நிமிர்த்துவது பெரிய காரியமா? நியாயமான சந்தேகம். அதனால்தான் கனக் குவார்க்குகளிடம் போகவேண்டியிருக்கிறது. சார்ம், பாட்டம் என்ற இரண்டும் கனமானவை. சார்ம் ஏறத்தாழ 1270 அலகு, பாட்டம் ஏறத்தாழ 4180. இவற்றைக் கொண்ட துகள்கள் பலவற்றை இன்னும் எவரும் கண்டதில்லை. காணாததின் நிறையைச் சொல்வதற்குப் பெயர் முன்கணிப்பு. அது தோற்கலாம். தோற்கக்கூடிய வாக்கியத்தை எழுதிக் கையெழுத்திட்டுத் தேதியும் போடுகிறார்கள்.

கனக் குவார்க்கின் கணக்கு எளிதல்ல. பத்தமடைப் பாயைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கோரையை நுண்மையாகக் கிழித்து நெய்த பட்டுப்பாயில்தான் நுண்ணிய வேலைப்பாடு விழும். முரட்டுக் கோரையில் அதே வேலைப்பாட்டைப் போட்டால் அது கலைந்து ஏதோவொரு கறையாகத் தெரியும். குவார்க்கு கனமாக ஆக அதன் அலைநீளம் குறுகும். புள்ளிகளுக்கிடையே உள்ள தூரம் ஒரு ஃபெர்மியில் பத்தில் ஒரு பங்காக இருந்தால், சார்ம் ஒருவாறு அந்தப் பின்னலில் சிக்கும். பாட்டம் கண்ணிகளுக்கிடையே நழுவிப்போகும். தூரத்தைப் பாதியாக்கினால் புள்ளிகள் பதினாறு மடங்காகும், செலவு அதற்கும் மேல். ஆகவே பாட்டத்துக்கு வேறு உபாயம் செய்தார்கள். கனமானது மெதுவாகத்தான் நகரும், ஒளிவேகத்தை எட்டாது. ஆகையால் அதற்கென்று சார்பியல் குறைத்த ஒரு சமன்பாட்டை பீட்டர் லெபாஜும் மற்றவர்களும் வகுத்தார்கள். இப்படிப்பட்ட சமரசங்கள் ஒவ்வொன்றும் எவ்வளவு பிழையைக் கொண்டுவருகிறது என்று தனித்தனியே கணக்கெழுதுவதுதான் இத்துறையின் பாதி உழைப்பு. சலிப்பூட்டும் வேலைதான். உ. வே. சா. பாடபேதம் பார்த்ததும் சலிப்பூட்டும் வேலைதான்.

இனி இந்த வாக்கியங்கள் எப்படி நின்றன என்று பார்க்கலாம். பாட்டமும் சார்மும் சேர்ந்த பி-சி மேசானை 1998-இல் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தின் சிடிஎஃப் குழு கண்டது. ஆனால் நிறையை 400 அலகு அளவிலான தடுமாற்றத்தோடுதான் சொல்ல முடிந்தது. 2004 இறுதியில் அணிக்கோவைக் கணக்காளர்கள் 6304 என்று அறிவித்தார்கள், பிழை இருபது அலகு அளவில். சில வாரங்களுக்குள் சிடிஎஃப் துல்லியமாக அளந்த எண் வந்தது: 6287. கணக்கு முந்தியது, அளவை பின்னால் வந்து ஆமோதித்தது.

அதைவிட ருசியான கதை இன்னொன்று. இரண்டு சார்ம் கொண்ட க்ஸை என்ற துகளை, அதன் நேர்மின்னூட்டம் ஒன்றுள்ள வடிவத்தில், தாங்கள் கண்டுவிட்டதாக 2002-இல் ஃபெர்மி ஆய்வுக்கூடத்தின் செலக்ஸ் குழு அறிவித்தது. நிறை 3519. அதையொட்டிய காலத்திலேயே, இன்று மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இருக்கும் நீல்மணி மாத்தூர், ராண்டி லூயிஸ், ரிச்சர்ட் வோலோஷின் மூவரும் போட்டிருந்த அணிக்கோவைக் கணக்கு, அது 3600-ஐ ஒட்டி இருக்கவேண்டும் என்றது. வெற்றிடத்தில் தோன்றி மறையும் குவார்க்கு இணைகளை விட்டுவிட்டுப் போட்ட கணக்கு அது, அக்காலக் கணினிகள் அவ்வளவுதான் தாங்கின. நூறு அலகு வித்தியாசம். யாரை நம்புவது? கண்ணால் கண்டேன் என்கிறவரையா, தாளில் போட்டேன் என்கிறவரையா? வருடங்கள் போயின. கணினிகள் வளர்ந்தன, விட்டுப்போன இணைகளையும் சேர்த்துக்கொண்டார்கள், எண் அசையவில்லை. 2014-இல் ஒரு குழு 3610 என்றது. வேறு ஆய்வுக்கூடங்கள் செலக்ஸ் கண்ட இடத்தில் தேடி ஒன்றும் காணாமல் திரும்பின. 2017 ஜூலையில் செர்னின் எல்எச்சிபி சோதனை, இரட்டை நேர்மின்னூட்டமுள்ள க்ஸையைக் கண்டது. நிறை 3621. இரண்டு வடிவங்களுக்கும் இடையே இரண்டு அலகு அளவுக்குத்தான் வித்தியாசம் இருக்கலாம் என்பதும் 2015-லேயே கணக்கிட்டு வைக்கப்பட்டிருந்தது. பதினைந்து வருடம் ஒரு சோதனையின் முகத்துக்கு நேரே நின்று 'உன் எண் பொருந்தவில்லை' என்று சொல்லிக்கொண்டிருந்த கணக்கு இது. இதைப் பொம்மை விளையாட்டு என்பவர்கள் பொம்மையையும் அறியார், விளையாட்டையும் அறியார்.

தோற்கக்கூடியது என்று சொன்னோம். அதற்கும் சாட்சி தரவேண்டும், இல்லாவிட்டால் நாங்களும் பஜனைதான் பாடுகிறோம் என்றாகும். 2017 மார்ச்சில் எல்எச்சிபி, ஒரு சார்மும் இரண்டு ஸ்ட்ரேஞ்சும் கொண்ட ஒமேகா-சியின் கிளர்ந்த நிலைகள் ஐந்தை ஒரே மூச்சில் கண்டது. எம். பத்மநாத், மாத்தூர் இருவரும், தாங்கள் ஏற்கெனவே கணக்கிட்டு வைத்திருந்த நிலைகளோடு ஒப்பிட்டு, இந்த ஐந்துக்கும் தற்சுழற்சி இன்னின்னதாக இருக்கவேண்டும் என்று அவ்வருடமே வரிசைப்படுத்தினார்கள். நிறைகள் பொருந்தின. ஆனால் 2021-இல் எல்எச்சிபி, வேறொரு சிதைவில் அவற்றுள் நான்கை மறுபடி பார்த்தபோது, அப்படிப்பட்ட தற்சுழற்சி வரிசைக்கு எதிரான சாட்சியம் கிடைத்தது. வழக்கு முடியவில்லை. ஒரு கருத்தை எழுதி நான்கு வருடத்தில் அதற்கு எதிர்ச்சாட்சி கிடைக்கும்படி எழுதுவது எத்தனை பெரிய கௌரவம்! நம் இலக்கியக் கட்டுரைகளில் முப்பது வருடம் கழித்தும் ஒன்றைக்கூட இப்படி மறுக்க முடியாது. மறுக்கும்படி அதில் எதுவும் சொல்லப்பட்டிருக்காது.

இங்கேதான் எங்கள் வழக்கு. இலக்கியவாதிக்கு உருவகம் உரிமை என்று சொல்வார்கள். உரிமைதான், யாரும் பறிக்கவில்லை. ஆனால் உருவகம் ஒரு கைமாற்று. எடுத்துக்கொண்ட இடத்துக்குத் திருப்பிக் கொடுக்கவேண்டும். பத்தமடைப் பாயை நாங்கள் எடுத்தோம். அதைக்கொண்டு பாட்டம் குவார்க்கு ஏன் நழுவுகிறது என்று ஒரு விஷயமாவது விளங்கியதா இல்லையா என்று வாசகர் எங்களைக் கேட்கலாம். 'மிச்சம்தான் பிரம்மம்' என்பதில் என்ன விளங்கியது? புரோட்டானைப் பற்றியும் ஒன்றுமில்லை, பிரம்மத்தைப் பற்றியும் ஒன்றுமில்லை. சங்கர வேதாந்தத்தில் ஆழ்ந்தவர் எவரேனும் அன்று அக்கூடத்தில் இருந்திருந்தால், எங்களைவிட அவர்தான் அதிகம் கோபித்திருப்பார்.

அந்த வாக்கியத்தைக் கனக் குவார்க்குகளிடம் கொண்டுபோய்ச் சோதித்தோம், விளையாட்டாகத்தான். மூன்று பாட்டம் குவார்க்குகள் சேர்ந்த ஒரு துகள் இருக்கவேண்டும். எவரும் கண்டதில்லை. ஸ்டீபன் மைனெல் 2010-இல் அதன் நிறை 14371 அலகு என்று கணக்கிட்டார், பிழை பன்னிரண்டு அலகு அளவுக்கு. மூன்று பாட்டத்தின் சொந்த நிறையைக் கூட்டினால் 12540. மிச்சம் நூற்றில் பதின்மூன்று. (குவார்க்கின் சொந்த நிறை என்பது வரையறையைப் பொறுத்துக் கொஞ்சம் மாறும், தனிக் குவார்க்கை எவரும் தராசில் வைக்க முடியாதே.) ஆக, கவிஞரின் கணக்குப்படி புரோட்டானில் தொண்ணூற்றொன்பது விழுக்காடு இருந்த பிரம்மம் இதில் பதின்மூன்றாகச் சுருங்கிவிட்டது. சர்வவியாபிக்கு இப்படியொரு கதி வரலாமா?

நடராஜர் மீது எங்களுக்குப் புகார் இல்லை. சோழச் செப்புச் சிலையின் முன் நின்று கண்கலங்கியவர்கள் எங்களில் உண்டு. காப்ராவின் 'தாவோ ஆஃப் பிசிக்ஸ்' 1975-இல் வந்தது. அவருடைய வரிகள்தாம் செர்ன் சிலையின் பலகையில் இருக்கின்றன. அந்தப் புத்தகத்தின் தயவில் தமிழில் எத்தனை கட்டுரைகள் வந்தன என்பது சிற்றிதழ்த் தொகுப்பு வைத்திருப்பவர்களுக்குத் தெரியும். தொண்ணூறுகளில் பின்நவீனத்துவம் வந்தபோது அதே கட்டுரைகள் சட்டை மாற்றிக்கொண்டு வந்தன. பிரம்மம் போய் 'நிச்சயமின்மை' வந்தது. 1996-இல் ஆலன் சோக்கல் என்ற இயற்பியலாளர் ஒரு போலிக் கட்டுரையை எழுதி அமெரிக்க ஆய்விதழ் ஒன்றை ஏமாற்றியபோது நாம் சிரித்தோம். நம் பக்கம் யாரும் போலி எழுத வேண்டியிருக்கவில்லை.

தமிழில் சொல் இல்லை, அதனால் எழுத முடியவில்லை என்பது மற்றொரு சாக்கு. இதே தாமிரபரணிக் கரையில், பெருங்குளத்தில் 1891-இல் பிறந்த பெ. நா. அப்புஸ்வாமி வழக்கறிஞராக இருந்துகொண்டே வாழ்நாள் முழுவதும் அறிவியலைத் தமிழில் எழுதினார். 1986 வரை வாழ்ந்தார். அவருக்குச் சொற்களை யாரும் தட்டில் வைத்து நீட்டவில்லை. சங்கப் பாடல்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்ததும் அவரே. இரண்டுக்கும் இடையில் அவருக்குச் சண்டை இருந்ததாகத் தெரியவில்லை. சுஜாதா எழுதினார். அவருடைய நடையை வைது இருபது கட்டுரை எழுதிய நம்மவர்கள், அவர் விட்ட இடத்திலிருந்து ஒரு கட்டுரை எழுதவில்லை. இந்தக் கட்டுரையை எழுதும்போது நாங்கள் சொல்லுக்காகத் திணறியது இரண்டு இடத்தில்தான். விஷயத்துக்காகத் திணறியது எல்லா இடத்திலும்.

தரமணிக்குத் திரும்புவோம். அந்த நிறுவனத்தின் பிறப்பே இலக்கியக்காரருக்குப் பிடிக்கவேண்டிய கதை. அல்லாடி ராமகிருஷ்ணன் தம் வீட்டு மாடியில் நடத்திய கருத்தரங்குக்கு 1960-இல் நீல்ஸ் போர் வந்தார். இரண்டாண்டுக்குள், 1962 ஜனவரியில், நிறுவனம் உருவாயிற்று. ஒரு வீட்டுக் கூடத்தில் தொடங்கியது, எங்கள் ஆழ்வார்குறிச்சிக் கூடத்தைப் போலவே. அங்கே கேள்வி கேட்டவரை உட்காரச் சொல்லவில்லை போலும். கப்ரூவின் காலம் போய்விட்டது, வேலை போகவில்லை. பத்மநாத் இன்று அங்கேதான் இருக்கிறார். 2023-இல் மாத்தூர், பத்மநாத், தேப்சுப்ர சக்ரவர்த்தி மூவரும், மைனெல் கணக்கிட்ட அந்த மூன்று பாட்டம் துகள்கள் இரண்டு ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளுமா என்று கணக்கிட்டார்கள். ஒட்டும், மிகுந்த வலிமையோடு. ஒரு புரோட்டானும் ஒரு நியூட்ரானும் ஒட்டிய டியூட்டரானின் கட்டு வெறும் 2.2 அலகு, இது ஏறத்தாழ நாற்பது மடங்கு. 2024-இல் பத்மநாத், அர்ச்சனா ராதாகிருஷ்ணன், மாத்தூர் மூவர் கணக்கில், ஒரு பாட்டம், ஒரு சார்ம், இரண்டு இலேசான எதிர்க்குவார்க்குகள் கொண்ட நால்வர் கூட்டு ஒன்று 43 அலகு ஆழத்தில் கட்டுண்டு நிற்கிறது. பிழை வரம்பு இன்னும் பெரிது என்பதை அவர்களே கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். இரண்டு சார்ம் கொண்ட அதன் தம்பியை எல்எச்சிபி 2021-இல் கண்டாயிற்று. இதை என்றாவது எவராவது காண்பார்கள், அல்லது இல்லை என்று நிறுவுவார்கள்.

எந்த மொழியில் இந்தச் செய்தி நமக்கு வந்து சேரும்? 2012-இல் ஹிக்ஸ் துகள் கண்டபோது 'கடவுள் துகள்' என்றுதான் வந்து சேர்ந்தது. அது ஒரு பதிப்பக விற்பனைப் பெயர் என்று அடிக்குறிப்பு எழுதக்கூட நமக்கு நேரமில்லை. ஆனால் உரை, பொழிப்புரை, பதவுரை, அரும்பதவுரை என்று நால்வகையாகப் பிரித்துப் பொருள் கண்ட மொழி இது. ஒரு சொல்லுக்காக நச்சினார்க்கினியரோடு இன்றும் மல்லுக்கு நிற்கிறோம். அந்தக் கறார் ஓர் எண்ணுக்கு முன்னால் மட்டும் எங்கே போய்விடுகிறது?

அன்று சிரித்தவர்களில் நாங்களும் இருந்தோம் என்பதை மறுபடி சொல்கிறோம். பேச்சாளரிடம் எங்களுக்குக் கோபம் குறைவு. ஒரு மணி நேரம் பேசியவர் ஒரு வாக்கியம் தவறலாம். ஆனால் ஒரு கேள்வியை 'கணக்கு வகுப்பு' என்று சொல்லி உட்காரவைத்ததும், அதற்கு ஒரு கூடம் சிரித்ததும் வேறு. ஊரில் கல்லூரி இருக்கிறது, அதில் இயற்பியல் படிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்களில் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமை நாவல் பேசுகிற கூட்டத்துக்கு வந்து உட்காருகிறாள். அடுத்த கூட்டத்துக்கு அவள் ஏன் வரவேண்டும்?

அந்தப் பெண்ணைத் தேடிப் பிடித்தோம். வருத்தம் தெரிவித்தோம். தை மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேசவேண்டும் என்று கேட்டோம், இதே விஷயத்தைப் பற்றி. முதலில் தயங்கினார். பிறகு, "ஒரு கரும்பலகை வேணும். சாக்பீஸும். பாதியில நிறுத்தக்கூடாது," என்றார். ஒப்புக்கொண்டோம். கரும்பலகை தேடிக்கொண்டிருக்கிறோம்; ஆழ்வார்குறிச்சி சுற்றுவட்டாரத்தில் யாரிடமாவது இருந்தால் தகவல் தரவும். கவிஞருக்கும் அழைப்பு அனுப்பியிருக்கிறோம். முன்வரிசையில் இடம் போட்டு வைப்போம்.